நாலாம் வகுப்புக் கணக்கு ஜனவரியிலேயே முடிந்துவிட்டதா?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். ஜூனில் ஆரம்பித்த நாலாம் வகுப்புக் கணக்கு, ஏப்ரல் வரை வரும் என்று அம்மா அட்டவணை போட்டிருப்பார். பொங்கல் முடிந்த மறுவாரமே, "அம்மா, எல்லாப் பாடமும் முடிச்சிட்டேன். அடுத்த புக் எங்கே?" என்று பிள்ளை வந்து நிற்கும். முதலில் பெருமையாக இருக்கும். ராத்திரி படுத்த பிறகுதான் கவலை வரும். அஞ்சாம் வகுப்பை இப்போதே தொடங்குவதா? தொடங்கினால் அதுவும் சீக்கிரம் முடியுமே, அப்புறம்? தொடங்காவிட்டால் ஆர்வம் போய்விடாதா?

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் பதற்றம் பாதியாகக் குறையும். வீட்டில் பாடம் வேகமாக முடிவது இயல்பு. வகுப்பறையில் ஒரு ஆசிரியர் முப்பது, நாற்பது பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவு, நோட்டுத் திருத்துவது, விளையாட்டு விழா ஒத்திகை, தேர்வு விடுமுறை எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் பாடம். வீட்டில் ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கணக்குப் போட்டால், அது பள்ளியின் இரண்டு மூன்று பீரியடுக்குச் சமம். ஆகவே புத்தகம் மூன்று மாதம் முன்னதாக முடிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, 'நம் பிள்ளை மேதை' என்று உறவுக்காரர்களுக்கு போன் போட வேண்டியதில்லை. 'ஏதோ விட்டுப்போயிருக்கும்' என்று பயப்படவும் வேண்டாம். எப்படி முடித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முடித்ததா, கடந்து போனதா?

இதற்குப் பெரிய பரீட்சை எதுவும் தேவையில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், ஜூன், ஜூலையில் படித்த பாடங்களிலிருந்து அஞ்சு கணக்கு கொடுங்கள். போன வாரம் படித்ததிலிருந்து கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். ஆறு மாதம் முன்பு படித்தது நிற்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அஞ்சுக்கு நாலு சரியாக வந்தால் திருப்தி.

அடுத்து, விடையோடு விட்டுவிடாமல் 'ஏன்' என்று கேளுங்கள். 305-லிருந்து 178-ஐக் கழித்து 127 என்று பிள்ளை எழுதிவிடும். "பத்தாம் இடத்தில் பூஜ்யம்தானே இருக்கிறது, எங்கேயிருந்து கடன் வாங்கினாய்?" என்று கேட்டால், நூறைப் பத்துப் பத்துகளாக உடைத்த கதையை அது தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். "அப்படித்தான் போடணும்" என்று மட்டும் பதில் வந்தால், முறை தெரிந்திருக்கிறது, கணக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்றாவது, கணக்கை வாழ்க்கைக்குள் கொண்டுவந்து பாருங்கள். 50 பேர் கல்யாணத்துக்குப் போகிறார்கள், ஒரு வேனில் 8 பேர்தான் உட்காரலாம், எத்தனை வேன் வேண்டும்? வகுத்தலில் கைதேர்ந்த பிள்ளைகள்கூட "6, மீதி 2" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடும். அந்த மீதி இரண்டு பேர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானா என்று கேட்டால்தான் சிரித்துக்கொண்டே "ஏழு" என்று திருத்தும்.

அஞ்சு, ஆறாம் வகுப்பு அளவில் பின்னம் முடித்த பிள்ளைக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒன்றே முக்காலை அரையால் வகுப்பதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் பலரே ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது என்றால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில் என்று கேட்பது. விடை மூன்றரை. தலைகீழாக்கிப் பெருக்கும் வித்தை தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாட்டில் கதை வரவில்லை என்றால், அடுத்த புத்தகத்தைத் திறக்க வேண்டாம். இங்கே தளர்ந்த அடித்தளம், ஏழாம் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது இடியும். அப்போது பழியெல்லாம் இயற்கணிதத்தின் மேல் விழும்.

மேலேயும் போகலாம், பக்கவாட்டிலும் போகலாம்

சோதனையில் பிள்ளை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வகுப்புப் புத்தகத்தை வாங்குவது ஒரு வழி. பெரும்பாலான பெற்றோர் கைக்கு முதலில் வருவதும் அதுதான். ஆனால் அதே பாடத்தில் இன்னும் அகலமாகப் போக முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

நம் வீட்டு வாசலிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 7 புள்ளியில் ஆரம்பித்து 1-ல் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வரும். மொத்தம் 25 புள்ளி. 5 புள்ளிக் கோலத்தில் 13. 9 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை என்று எண்ணாமல் சொல்ல முடியுமா? 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டக் கூட்ட 4, 9, 16 என்று வர்க்க எண்கள் முளைப்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நேரம் அருமையானது. விடை 41. அதாவது 25-ம் 16-ம்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழி, குழிக்கு 5 முத்து வீதம் வைத்தால் 70. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்லும் விளையாட்டை ஒரு மாதம் ஆடலாம். பின்னம் முடித்த பிள்ளைக்குத் தாத்தா பாட்டி காலத்து எண்சுவடி இருக்கிறது. கால், அரை, முக்கால் மட்டும்தான் இன்று நம் வாயில் மிஞ்சியிருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. நாலு மா சேர்ந்தால் எத்தனை காணி என்று கேட்டுப் பாருங்கள். அஞ்சாம் வகுப்பு வேலையை அது நாலாம் வகுப்பிலேயே, வேறு பெயரில், சந்தோஷமாகச் செய்துவிடும்.

மொழிப் பாடத்தில் இந்தச் சிக்கலே குறைவு. வாசிப்புக்கு 'முடிந்தது' என்று ஒன்று கிடையாது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நாலு நிலைகளாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலக அட்டை இருந்தால் இன்னும் வசதி.

பிள்ளைகள் அவரவர் வேகத்தில் போவது நமக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் என்ற வழக்கம் இருக்கவில்லை. முன்னே போன பையன் சட்டாம்பிள்ளையாகி, பின்னால் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் மாணவர்களையே ஆசிரியர்களாக்கினார். அதைப் பற்றி 1797-ல் லண்டனில் புத்தகம் போட, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது. நம் காலத்திலும், ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்தை வைத்து 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளை எடுத்து ஏணிப்படி போலத் தன் வேகத்தில் ஏறியது.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால் சட்டாம்பிள்ளை வேலையை வாரம் இரண்டு நாள் கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்கும்போது தனக்கு எது தெரியாது என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும். தினமும் கொடுத்தால் அது அம்மாவின் வேலையைப் பெரிய பிள்ளை தலையில் கட்டுவதாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்திவைப்பதும் தப்பு

அகலம் அகலம் என்று சொல்லி, உண்மையிலேயே தயாராக இருக்கும் பிள்ளையைப் பிடித்து வைப்பதும் சரியல்ல. தெரிந்ததையே மூன்று மாதம் திரும்பப் போடவைத்தால், கணக்கு என்றாலே கொட்டாவி வரும். அதைவிட மோசம், 'சீக்கிரம் முடித்தால் இன்னும் நாற்பது கணக்கு தண்டனை' என்று புரிந்துகொண்டு வேண்டுமென்றே மெதுவாகப் போடப் பழகும். 2004-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெரிய அறிக்கை, வெகுதூரம் முன்னால் இருக்கும் பிள்ளைகளை முன்னேற விடுவதால் அவர்களுக்குத் தீங்கு வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

எல்லாப் பாடத்தையும் சேர்த்து நகர்த்த வேண்டிய கட்டாயம் வீட்டில் இல்லை, அதுதான் வசதி. கணக்கில் அஞ்சாம் வகுப்பு, தமிழில் நாலு, ஆங்கிலத்தில் மூன்று என்று ஒரே பிள்ளை மூன்று படியில் நிற்கலாம். கை மனசைவிட மெதுவாக வளரும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எட்டு வயதில் ஆறாம் வகுப்புக் கணக்கு மண்டைக்குள் ஓடும், ஆனால் அரைப் பக்கத்துக்குப் படிப்படியாக எழுத விரல் ஒத்துழைக்காது. அப்போது பாதியை வாயால் சொல்ல விடுவதில் தவறில்லை.

அடுத்த புத்தகத்தைத் தொடங்கினாலும் அதே வேகம் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் புதுப் பாடம், ஒரு நாள் பழையது, ஒரு நாள் கோலமோ பல்லாங்குழியோ என்று பிரித்தால் ஜனவரியில் தொடங்கிய அஞ்சாம் வகுப்பு அடுத்த மார்ச் வரை நிதானமாக வரும். வேகமாகப் போவதற்குப் பெயர் பெற்ற குமோன் முறைகூட, ஜப்பானில் 1954-ல் ஒரு கணக்கு ஆசிரியர் தன் மகனுக்காக எழுதிய பயிற்சித் தாள்களில் ஆரம்பித்ததுதான். அங்கேயும் பிள்ளைக்குத் தெரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழிருந்துதான் தொடங்குவார்கள். சரளமாக வரும்வரை அதே தாளைத் திரும்பக் கொடுப்பார்கள்.

வயதைக் கேட்கும் வாசல்கள்

எவ்வளவு வேகமாக ஓடினாலும் சில கதவுகள் வயதைப் பார்த்துத்தான் திறக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் சான்றிதழுக்கு நம்பியிருப்பது தேசிய திறந்தநிலைப் பள்ளியை. அதில் பத்தாம் வகுப்பில் சேரக் குறைந்தது 14 வயது முடிந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு 15. மருத்துவம் படிக்க நீட் எழுத, அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். ஒன்பது வயதில் நாலாம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பில் சேர இன்னும் அஞ்சு வருஷம் இருக்கிறது. இடையில் இருப்பது அஞ்சு வகுப்புப் பாடம். ஒரு வருஷம்கூட மிச்சப்படுத்தி ஆகப்போவது பெரிதாக ஒன்றும் இல்லை.

சான்றிதழே வேண்டாம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பள்ளியை விட்டு வீட்டில் படித்த மும்பை மாணவி ஒருவர், சர்வதேச இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கினார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. கதவு திறக்கவில்லை. 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை எடுத்துக்கொண்டது. அபூர்வமான திறமைக்கு அபூர்வமான வழி கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

நடுவில் பள்ளிக்கே திரும்பும் எண்ணம் இருக்கிற குடும்பங்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பைத்தான் பேசுகிறது. பத்து வயதில் ஏழாம் வகுப்புப் பாடம் முடித்த பிள்ளையைப் பெரும்பாலும் அஞ்சாம் வகுப்பில்தான் உட்காரவைப்பார்கள். மூன்று வருஷம் தெரிந்த பாடத்தையே கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைக்குப் பெரிய சோதனை. கோலக் கணக்கும் எண்சுவடியும் கதைப் புத்தகமுமாக அகலத்தில் போன பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. அவற்றை எந்த வகுப்பிலும் யாரும் திரும்ப நடத்தப்போவதில்லை.

ஆகவே ஜனவரியில் புத்தகம் முடிந்தால், முதல் இரண்டு வாரம் எதுவுமே வாங்க வேண்டாம். கணக்கு நோட்டுக்கு லீவு கொடுங்கள். பிறகு அந்த அஞ்சு பழைய கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.