பழைய சோறும் பிள்ளைகளின் குடல் அழற்சியும்

மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பிள்ளைகளின் பெருங்குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. செரிக்காமல் வந்து சேரும் நாரையும் மாவுச்சத்தையும் அவை புளிக்க வைத்து, பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடலின் உட்சுவருக்கு அதுதான் முக்கிய உணவு.

ஆறிய சோற்றில் இந்தச் செரிக்காத மாவு சற்றுக் கூடுதல். இதே தன்மையுள்ள மக்காச்சோள மாவை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உப்பு சர்க்கரைக் கரைசலில் கலந்து கொடுத்தபோது, காலரா நோயாளிகளின் பேதி சீக்கிரம் நின்றது. அந்த ஆய்வு 2000-ல் வெளியானது. குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் ஆய்வில் இறங்கியது.

ஆனால் குடல் அழற்சி சாதாரணப் பேதி அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும். நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துவிடும். நான்கு வாரத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம், எடை குறைதல், வயதுக்கேற்ற உயரம் இல்லாமை ஆகியவை இதன் அறிகுறிகள். 'சூடு', 'மூலம்' என்று நாள் கடத்தினால் பிள்ளையின் வளர்ச்சியே நின்றுபோகும். கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தார் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். குரோன் வகை நோய்க்கு 6 முதல் 8 வாரம் சத்துள்ள திரவ உணவு மட்டுமே கொடுத்து அழற்சியைத் தணிக்கும் முறையும் உண்டு.

தொழுவுரம் மண்ணை வளமாக்கும்; வந்துவிட்ட நோய்க்கு அது மட்டும் போதாது. பழைய சோறும் அப்படித்தான். மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.