பழைய காருக்கு வீட்டு வைத்தியம்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. "தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்களுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்து, பாலம் கடந்து, சிங்கப்பூர்ப் பட்டறைகளில் ஸ்பானர் பிடிக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அதோடு, அந்த விலை உயர்ந்த காருக்கு வரும் நோய்கள்தாம் நம் வாசலில் நிற்கும் பழைய டட்சன் 120 ஒய்க்கும் வருகின்றன. வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டட்சன் 240 இசட். ஜப்பானில் 1969ஆம் ஆண்டு 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் வெளிவந்தது. ஆறு சிலிண்டர், 2,393 சி.சி. எஞ்சின், இரண்டு கார்புரேட்டர்கள். எடை சுமார் ஒரு டன். பார்வைக்கு மெலிந்த உடம்புதான். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி பந்தயத்தில், சேறும் செம்மண்ணும் நிறைந்த ஆயிரக்கணக்கான மைல்களை ஓடி, 1971இலும் 1973இலும் முதலிடம் பெற்றது இந்தக் கார்தான். 1973இல் அதை ஓட்டி வென்றவர் ஷேகர் மேத்தா, உகண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். நம் தோட்டத்து மழைக்காலச் சாலையைப் போன்ற சாலையில் வென்ற கார் என்று சொன்னால் மிகையாகாது.

இத்தகைய கார் சிங்கப்பூரில் இன்று அபூர்வம். 1990 மே மாதம் முதல் அங்கே வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் இருக்கிறது. ஏலத்தில் எடுக்கும் சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லையேல் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் ஏலத் தொகை 1,50,000 வெள்ளியைத் தொட்டது. பழைய கார்கள் உடைக்கப் போனதில் வியப்பில்லை. ஆயினும் 35 வயதைக் கடந்த வண்டிகளுக்கென்று தனித் திட்டம் ஒன்று உண்டு. குறைந்த கட்டணத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம்.

இந்த 45 என்ற எண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். மீதி 320 நாளும் கார் நிற்கிறது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதமோ சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே இத்தகைய காரின் உண்மையான தொல்லை. நிற்கும் காரில் பாட்டரி இறங்குகிறது. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிகிறது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் துரு உட்கார்கிறது.

துருவை முதலில் பார்ப்போம். வெளியே தெரியும் துரு பெரிய எதிரி அல்ல. 240 இசட்டில் பாட்டரி வைக்கும் தட்டின் அடியிலும், கால் வைக்கும் கீழ்த்தட்டிலும், பின்சக்கரத்துக்கு முன்னால் உடம்பு வளையும் இடத்திலும்தான் இரும்பு அரிக்கும். பாட்டரியின் அமிலம் சொட்டிய இடத்தில் தகடு பப்படம் போல் நொறுங்கிவிடும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்; ஒரு திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் நல்லது. மந்தமாக 'தொப்' என்று கேட்டால் உள்ளே தகடு போய்விட்டது. மேலே பெயிண்ட் பூசி மறைப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவதற்குச் சமம். கார் நிற்கும் இடத்தின் கீழே மண்ணோ புல்லோ வேண்டாம். ஈரம் மேலே ஏறும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும் ஆகாது.

அடுத்தது ரப்பர். இது நம் வீட்டுப் பொருள். 1877இல் இருபத்திரண்டு ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அதன் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதன் பின்னர் பால்மரம் சீவிச் சீவி இந்த உலகத்தின் சக்கரங்களைச் சுழல வைத்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷீட் ரப்பரை வெயிலில் போட்டால் என்ன ஆகும், எண்ணெய் பட்டால் எப்படி ஊதும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் அறிவார். காரிலும் அதே கதைதான். டயர், ரேடியேட்டர் குழாய், பெட்ரோல் குழாய், சக்கரத் தொங்கலில் உள்ள புஷ்கள், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ணங்கள் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகின்றன.

ஆண்டுக்கு 45 நாள் ஓடும் காரின் டயரில் பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும். அதை நம்பக் கூடாது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பத்தாண்டு ஆன டயரை, அது எத்தனை அழகாக இருந்தாலும், கழற்றிவிடுங்கள். குழாய்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்போல் கெட்டியானதும் சேறுபோல் குழைவதும் இரண்டும் கெட்டவைதாம். பெட்ரோல் குழாயில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சூடான எஞ்சின்மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும், கார் எரிந்துவிடும்.

இனி பிரேக். ஓடும் சங்கதியைப் பிறகு பார்க்கலாம். நிற்கும் சங்கதியை முதலில் பார்க்க வேண்டும். பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பலர் கார்புரேட்டரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். சத்தம் கேட்கும் ஆசை! பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கேமரன் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும் தன்மை உடையது. மிதித்த பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டும்.

இது இருவர் செய்யும் வேலை. அண்ணன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, தம்பி சக்கரத்திலுள்ள சிறு திருகைத் திறந்து எண்ணெயை வெளியேற்றி, திருகை மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் காற்று உள்ளே போய்விடும். மேலே உள்ள குப்பியில் எண்ணெய் தீரவும் விடக் கூடாது. பிரேக்கில் எஞ்சின் எண்ணெயை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப் பிரேக்கே பிடித்துக்கொள்ளும். சிலிண்டரைக் கழற்றுவது அனுபவம் உள்ள மெக்கானிக்கின் வேலை. இன்னொன்று: அந்தக் காலத்துப் பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

எஞ்சின் வேலையில் வால்வு இடைவெளியைச் சரிபார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர். சவர பிளேடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம்தான் முதல் அளவு. ஆனால் அளப்பதற்கு ஃபீலர் கேஜையே பயன்படுத்துங்கள். இடைவெளி அதிகமானால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், நாம் பயப்படுவோம். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. வால்வு முழுதும் மூடாமல், நெருப்பு ஒழுகி, விளிம்பு கருகிவிடும். ஆக, சத்தம் போடாத வால்வுதான் அதிக ஆபத்து.

இரண்டு கார்புரேட்டர்களும் சமமாகக் காற்றை இழுக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் உண்டு. ஆனால் ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தால், டாக்டர் நெஞ்சு பார்ப்பதுபோல் சீறல் ஒலி தெளிவாகக் கேட்கும். இரண்டின் ஒலியும் ஒத்துவரும்வரை திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பலாம். அதற்கு முன், மேலே உள்ள குடுவையில் மெல்லிய எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணெய் வற்றியதால் தடுமாறும் எஞ்சினுக்காகப் புதுக் கார்புரேட்டர் வாங்கியவர்களும் உண்டு.

சிங்கப்பூரில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். அங்கே கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட முடியாது. ஆகவே பெரிய வேலைகள் சின் மிங், உபி, காக்கி புக்கிட் போன்ற பட்டறை வட்டாரங்களுக்குப் போகின்றன. திருகு, வாஷர், கருவி ஆகியவற்றுக்குத் தேக்காவை ஒட்டிய ஜாலான் புசார்ப் பகுதியில் இன்னும் இரும்புச் சாமான் கடைகள் உண்டு. பழைய சாமான் தேடுவோர் அலைந்து திரிந்த சுங்கை ரோடு சந்தை மட்டும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது.

காருக்கு அடியில் படுக்கும் வேலையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியின் உள்ளே இருப்பதும் ஒரு ரப்பர் வளையம்தான், அது எந்த நிமிடமும் கசியலாம். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் காரை இறக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். ஸ்டாண்டு வாங்கப் பணமில்லை என்றால் அந்த வேலையை அன்று செய்ய வேண்டாம். வீட்டுப் பெண்கள் இதில் கண்டிப்பாக இருக்கலாம். கார் நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

கடைசியாக, வடித்த எண்ணெய். தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயில் விழுவது காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. 2008இல் தடுப்பணை திறந்த பின் அது சிங்கப்பூர் மக்கள் குடிக்கும் நீராயிற்று. அந்த ஆறுகளைத் துப்புரவு செய்யவே 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் பிடித்தன. தோட்டத்திலும் லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் யாரோ ஒருவருடைய கிணற்றுக்குத்தான் போகிறது. பழைய எண்ணெயை மூடியுள்ள டின்னில் ஊற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அங்கே ஒப்படைத்துவிடுங்கள்.