வாங்குவோர் தோலும் வேலை செய்வோர் தோலும்

ஆம்பூரில் தைக்கப்படும் பூட்ஸுகள் கப்பலேறி ஜெர்மனியை அடையவேண்டுமாயின், அவற்றின் தோல் முதலில் பரிசோதனைச் சாலையில் தேறவேண்டும். ஒரு கிலோ தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் 3 மில்லிகிராமை எட்டலாகாது என்பது 2015-ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அமலிலுள்ள விதி. அந்நாட்டு ஜனங்களின் பாதங்களில் அரிப்பும் புண்ணும் உண்டாகக் கூடாதென்பதே இதன் நோக்கம். நியாயமான நோக்கந்தான், நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் அதே தோலை ஈரத்தோடு புரட்டிப் புரட்டி எடுத்த கை யாருடையது? அந்தக் கையைச் சோதித்துப் பார்ப்பவர் யார்?

விஷயத்தைச் சற்று விளக்குவோம். குரோமிய உப்பில் பதனிட்டு, நீலநிறத்தில் ஈரமாக அடுக்கி வைக்கப்படும் தோல், நமது சீதோஷ்ணத்தில் விரைவில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைத் தடுக்க மருந்து சேர்த்தாக வேண்டும். முன்னாளில் பென்டாகுளோரோபீனால் என்ற சரக்கு இதற்கு உபயோகமாயிற்று. 1989-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனி அதற்குத் தடைவிதித்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த தோலை ஏற்க மறுத்தது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை வியாபாரிகள் திகைத்தனர். 1948-இல் சென்னை அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளைக் காட்டிற்று. 1991-இல் நமது ஸர்க்காரும் அச்சரக்கைத் தடை செய்தனர். அதன் இடத்தில் வந்த மருந்துகளோ முற்றிலும் சாதுவானவையல்ல. ஐஸோதயாஸோலினோன் இனத்தைச் சேர்ந்த சில, தோலில் ஒவ்வாமையை எழுப்புவதில் பேர்போனவை. ஷாம்பூவிலும் சுவர்ச் சாயத்திலும்கூட இவ்வினத்தைக் காணலாம்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. சுண்ணாம்புக் குழியில் கைவிட்டால் எவர் கையும் புண்ணாகும். ஒவ்வாமை அப்படியன்று. பத்தாண்டு தீங்கின்றிக் கையாண்ட பொருளையே உடல் திடீரென்று ஒருநாள் பகையாகக் கொள்ளும். கொண்ட பகையை லேசில் மறவாது. பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். பிறகு அணுவளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, கசிந்து, வெடிக்கும். உடனே தோன்றாமல் தாமதித்துத் தோன்றுவதால் காரணம் இன்னதென்று நோயாளிக்குப் புலப்படுவதில்லை. 1895-ஆம் ஆண்டில் யாதஸ்ஸோன் என்ற வைத்தியர் வெளியிட்ட ஒட்டுச் சோதனையே இன்றளவும் இதற்கு வழி: சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பின்னும் இரண்டொரு நாள் சென்று மறுபடியும் பார்ப்பார்கள். குரோமியத்துக்குப் பொட்டாசியம் டைகுரோமேட்டை வைப்பார்கள்.

இங்கே ஒரு கொடுமையைக் கவனிக்கவேண்டும். கை வெடித்தவன் தோல் வேலையை விட்டுக் கொத்தனாருடன் சித்தாளாகப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். சிமெண்டிலும் அதே குரோமியம் காத்திருக்கிறது! காலில் அணியும் செருப்பிலும் அதுவே.

மேனாட்டில் இவ்வியாதி வந்தபோது நடந்ததைப் பாருங்கள். சீனாவிலிருந்து சென்ற தோல் நாற்காலிகளுக்குள், பூஞ்சணம் தடுக்க, டைமெதில் ஃப்யூமரேட் பொட்டலங்களை வைத்திருந்தனர். உட்கார்ந்தவர் முதுகும் தொடையும் வெந்தன. பின்லாந்து வைத்தியர்கள் காரணத்தைக் கண்டனர். 2009-இல் ஐரோப்பா முழுவதும் தடை வந்தது. 2010-இல் பிரிட்டனில் பாதிக்கப்பட்டோருக்குச் சுமார் 2 கோடி பவுன் வரை நஷ்டஈடு அளிக்க ஏற்பாடாயிற்று. நாற்காலியில் அமர்ந்தவருக்குக் கிடைத்த நீதி அது.

நமது நாட்டில் சட்டமில்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோமியப் புண்ணும், ரசாயனங்கள் பட்டு வரும் தோலழற்சியும் அறிவிக்கத்தக்க வியாதிகளாக இடம்பெற்றிருந்தன. கண்ட வைத்தியர் அறிவிக்கவேண்டும் என்பது அதன் கட்டளை. தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டமும் தொழிலால் வரும் சரும வியாதிகளை ஒப்புக்கொண்டிருந்தது. 1996-இல் வேலூர்ப் பிரஜைகள் நலமன்றத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பாலாற்று நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டுமென்று தீர்ப்பளித்தது. ஆற்றுக்கும் வயலுக்கும் வழக்காடியவர்கள் இருந்தார்கள். கைகளுக்காக வழக்காடுவார் யார்? நாட்கூலியை இழக்க அஞ்சுகிறவன் மருந்துக்கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறான். வியாதி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

‘கையுறை கொடுத்தோம், அவன் போடவில்லை’ என்பது முதலாளிகள் சிலர் சொல்லும் சமாதானம். சித்திரை வெயிலில் ரப்பர் உறைக்குள் வியர்வையில் ஊறும் கையைக் கழற்றி உதறுபவனை மூடனென்று நாம் சொல்லமாட்டோம். மேலும் ரப்பரில் சேர்க்கும் சரக்குகளே சிலருக்கு ஒவ்வாமை தரும். தோலுறையிலோ குரோமியமே இருக்கும். எந்த உறை எவனுக்கு ஏற்றதென்று சோதித்தல்லவா கொடுக்க வேண்டும்?

மறுபதனிடும்போது தாவரத் துவர்ப்பொருள் சிறிது சேர்த்தால், மூன்று இணைதிறன் குரோமியம் வெப்பத்தாலும் வெயிலாலும் ஆறு இணைதிறனுடையதாக மாறுவது பெரிதும் தடைப்படும் என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. ஆவாரம்பட்டையால் பதனிட்டுப் புகழ்பெற்ற நம்மவர்க்குத் துவர்ப்பு புதிதன்று. ஐரோப்பியர் கேட்கிறார்கள் என்பதற்காகச் செய்யும் இதனைத் தொழிலாளிக்காகவும் செய்யலாம். ஆனால் ஈரவேலையில் நிற்பவனுக்கு இது மட்டும் போதாது. மூன்று இணைதிறன் குரோமியமும் மிகுதியாகப் பட்டால் தீங்குதான். ஆகவே, இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரிகளில் ஒட்டுச் சோதனைக்கு வசதி வேண்டும். சோதனைக்குச் செல்லும் நாட்களுக்குக் கூலி வேண்டும். ஒவ்வாமை கண்டவனை வெளியேற்றாமல் உலர்ந்த வேலைக்கு மாற்றவேண்டும். ரசாயன டப்பாக்களின் மீது ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டிருக்கும் பெயரையும் எச்சரிக்கையையும், ஆம்பூர்த் தொழிலாளி படிக்கும் தமிழிலும் உருதுவிலும் ஒட்டுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று முதலாளிகளின் சங்கங்களை நாம் கேட்கிறோம்.