மெய்ந்நிகர் வனமும் மனவமைதியும்

உடலுழைப்பால் உண்டாகும் களைப்பு ஓரிரவு உறக்கத்தில் நீங்கிவிடும். மனவுழைப்பால் உண்டாகும் சோர்வோ அங்ஙனம் எளிதில் நீங்குவதன்று. நாள் முழுதும் ஒளித்திரையை நோக்கிப் பணிபுரிவோர், வீடு சேர்ந்த பின்னும் அலுவலையே உள்ளத்திற் சுமந்திருத்தலை யாவரும் அறிவோம். இவர்கட்கு இக்காலத்தார் கூறும் பரிகாரமொன்று உளது. அஃது யாதெனின், மெய்ந்நிகர்க் கருவியைக் கண்களில் அணிந்து, காடும் அருவியும் தம்மைச் சூழ்ந்திருப்பனவாகக் கண்டு, அவற்றினிடையே மனவிழிப்புப் பயிலுதலாம். இதன் பயனையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

மனவிழிப்பென்பது, சென்றதற்கு வருந்தாமலும் வருவதற்கு அஞ்சாமலும், இக்கணத்தில் நிகழ்வதை நன்று தீது என்று தீர்ப்பிடாது கவனித்தலாம். பௌத்தரின் தியானத்தினின்றும் இம்முறையை எடுத்து, ஜான் கபாட்-ஜின் என்பார் 1979-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் நோயாளருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அப்பயிற்சி 8 வாரங்கள் கொண்டது.

இதற்கு இயற்கைக் காட்சி துணையாவது எங்ஙனம்? அலுவலில் நாம் கவனத்தை வலிந்து நிறுத்துகின்றோம். அவ்வாற்றல் நேரஞ் செல்லச் செல்லத் தேய்கின்றது. இலையின் அசைவும் நீரின் ஓட்டமுமோ, நம் முயற்சியின்றியே கவனத்தை மெல்ல ஈர்க்கின்றன. அப்பொழுது தேய்ந்த ஆற்றல் மீள்கின்றது. இது ரேச்சல் காப்லன், ஸ்டீவன் காப்லன் என்னும் உளநூலறிஞர் இருவர் 1989-ல் வெளியிட்ட நூலில் விளக்கிய கொள்கையாம். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பார், பித்தப்பையில் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரை ஒப்பிட்டு எழுதினார். சன்னல் வழியே மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரினும் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்கட்குக் குறைவாகவே வேண்டியிருந்தது.

மெய்ம்மரம் செய்வதைத் தோற்றமரமும் செய்யுமோ? சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கு இருவகை விடைகள் கிடைத்தன. பீட்டர் கான் முதலியோர் 2008-ல் வெளியிட்ட சோதனையில், சிறிது மனவழுத்தம் உற்றவர்களின் இதயத்துடிப்பு, கண்ணாடிச் சன்னல் வழியே மரங்களைக் கண்டபோது விரைந்து தணிந்தது. அதே காட்சியைத் தட்டைத் திரையிற் காட்டியபோதோ, வெறுஞ் சுவரைக் காட்டிலும் மிகுந்த பயன் விளையவில்லை. எனினும், அப்பல்கலைக்கழகத்து ஹண்டர் ஹாஃப்மன் குழுவினர், தீப்புண் பட்டோர்க்கு மருந்திடும் வேளையில் அவர்தம் கண்களிற் கருவியை அணிவித்துப் பனிமலை உலகொன்றைக் காட்ட, வலி குறையக் கண்டனர். சுவரிலுள்ள திரை அறையின் ஒரு பகுதியே. கண்ணில் அணியுங் கருவியோ அறையையே மறைத்துவிடுகின்றது. ஆதலின் தோற்றமென்று இதனைத் தள்ளவும் ஒண்ணாது. மெய்க்கு ஈடென்று கொள்ளவும் ஒண்ணாது.

பயிலுமாறு வருமாறு: அசையாத நாற்காலியில் அமர்ந்து, 10 நிமிடம் நீரொலி போன்ற ஒன்றையே கவனிக்க. மனம் அலுவலை நோக்கி ஓடுமாயின், அதனைக் கடியாது மீட்டுக் கொணர்க. காட்சி விரைந்து நகருமாயின், கண் அசைவென்று கூற, செவியினுள்ளிருக்கும் சமநிலையுறுப்பு அசைவின்மையென்று கூறும். அம்முரணால் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாதல் கூடும். அங்ஙனமாயின் உடனே கருவியைக் கழற்றுக.

இறுதியாக ஒன்று கூறுவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வினை விளக்குங்கால், அதனைத் தனிநோயாகக் கொள்ளாது, தீர்க்கப்படாத நெடுநாட் பணியழுத்தத்தின் விளைவென்றே வகுத்தது. எனவே, சுமையைக் குறையாது கருவியை மட்டும் வழங்குதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதனையே ஒக்கும். நாளை பலரை ஏவல் கொள்ளும் நிலையெய்தும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக. மரத்தடி அருகிருப்பின் அங்கே செல்க. இல்லையேல் கருவியை நாடுக. எதுவாயினும், பணிக்கு ஓர் எல்லை வகுத்தலை முதற்கண் செய்க.