உங்களுக்குத் தெரியுமா? கோவைக்குள் ஒளிந்திருக்கும் கோவை

அ⁴ + 2அ³ + 3அ² + 2அ = 440. நாற்படிச் சமன்பாடு என்று மலைக்க வேண்டாம். அ² + அ என்பதை ஆ என்று வையுங்கள்; இடப்பக்கம் முழுவதும் ஆ² + 2ஆ என்று சுருங்கிவிடும். ஆ = 20 பொருந்துகிறது; அதிலிருந்து அ = 4 ஒரு விடை. பத்தாம் வகுப்பில் படிக்கும் ‘சார்புகளின் சேர்க்கை’யைத் தலைகீழாகச் செய்யும் வேலை இது.

உள்ளே இருக்கும் சிறு கோவையைக் கணினி கண்டுபிடிப்பதற்கான விரைவு வழிமுறைகளை வி. எஸ். அழகரும் மாய் தானும் 1985-இல் வெளியிட்டார்கள். கோவை பெரிதானாலும் நேரம் எகிறாத வழியை 1989-இல் டெக்ஸ்டர் கோசனும் சூசன் லாண்டாவும் தந்தார்கள்.

ஒரு பல்லுறுப்புக்கோவையை இப்படி ஒன்றுக்குள் ஒன்றான துண்டுகளாக, இனிப் பிரிக்க முடியாத அளவுக்கு எந்த வழியில் பிரித்தாலும் துண்டுகளின் எண்ணிக்கை மாறாது என்று 1922-இல் நிறுவியவர் அமெரிக்கக் கணிதவியலர் ஜோசப் ரிட். கலப்பெண் கெழுக்கள் கொண்ட கோவைகளுக்கான தேற்றம் அது.

விகிதமுறு சார்புகளுக்கு (ஒரு கோவையை இன்னொரு கோவையால் வகுத்த வடிவம்) வந்தால் இந்த ஒழுங்கு உடைகிறது. எனக்குப் பெரும் வியப்பு இதுதான். ஒழுங்கான நான்முகியை அதன் மேலேயே பொருந்தும்படி 12 விதமாகச் சுழற்றலாம். அந்தச் சுழற்சிகளிலிருந்து பிறக்கும் 12-ஆம் படிச் சார்பை ஒரு வழியில் 3, 4 படிகள் கொண்ட இரண்டு துண்டுகளாகவும், வேறு வழியில் 2, 2, 3 படிகள் கொண்ட மூன்று துண்டுகளாகவும் பிரிக்கலாம். இரண்டிலும் எந்தத் துண்டும் அதற்கு மேல் பிரியாது.