மூன்று ரூபாயும் திண்டிவனம் டிக்கெட்டும்

தேடுவதா, இருப்பதா? – 12

போன வாரம் சிவப்பிரகாசம் பிள்ளையை விருபாட்ச குகை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1902, அவர் கேட்ட பதினான்கு கேள்விகள், பேசாத சாமியாராக இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் பூஞ்சா என்று சொல்லியிருந்தேன். லயால்பூர்க்காரர். கடவுளைக் காட்டுவீர்களா என்று பார்த்த சாமியாரையெல்லாம் பிடித்துக் கேட்டு, 1944இல் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவர். அவருக்காகத்தான் புத்தகங்களை எடுத்து மேஜையில் அடுக்கினேன். நடுவில் நரசிம்ம சுவாமி எழுதிய ரமண சரிதத்தைப் புரட்டியதில், ஒரு ரயில் கட்டண விவரம் கண்ணில் பட்டது. அத்தோடு பூஞ்சா போயிற்று.

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். 1896 ஜூலை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், பின்னாளில் ரமணரான பதினாறு வயது வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. டாக்டரைக் கூப்பிடவில்லை, பெரியவர்களையும் கூப்பிடவில்லை. பிணம் போல விறைத்துப் படுத்து, இதில் சாவது எது என்று பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் பயம் போயிற்று. அன்று வந்த நிலை அதன் பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றுதான் ரமணர் பிற்காலத்தில் சொன்னார். அப்படியானால் அடுத்த மாதமே எதற்காகத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏற வேண்டும்? அடைய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லாதவனுக்கு எந்த ஊரில் என்ன வேலை?

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பள்ளியில் கொடுத்த தண்டனையாக, பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு முடிந்தது. மூன்றாவதில் நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசுவாமி, இப்படி இருப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்று கடிந்துகொண்டார். தம்பிக்கும் அது நியாயமாகவே பட்டது. மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். போகிற வழியில் என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு என்றார் அண்ணன். சித்தி எடுத்துக் கொடுத்தது ஐந்து ரூபாய். மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வீட்டில் வைத்தான். தகப்பனை, அதாவது அருணாசல ஈசனை, தேடிப் போவதாக எழுதிய அந்தக் கடிதத்தின் அடியில், சம்பளம் இன்னும் கட்டவில்லை என்ற குறிப்பு வேறு!

இனிதான் என் ரயில். வீட்டிலிருந்த அட்லஸ் பழையது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாகப் போட்ட பாதை அதில் இல்லை. பக்கத்தில் தெரிந்த ஸ்டேஷன் திண்டிவனம்தான். மதுரை ஸ்டேஷனுக்கு நேரங்கழித்துப் போனான். நல்லவேளையாக அன்றைக்கு ரயிலும் லேட். கட்டணப் பட்டியலைப் பார்த்தான். திண்டிவனம், இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. டிக்கெட் வாங்கிவிட்டான். அதே பட்டியலில் சில வரிகள் கீழே திருவண்ணாமலை இருந்தது. கட்டணம் சரியாக மூன்று ரூபாய்!

கையில் இருந்ததும் மூன்று ரூபாய். கண் இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் போதும்.

மிச்சப்பட்ட மூன்று அணா என்ன ஆயிற்று என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. திருச்சியில் அரை அணாவுக்குப் பேரிக்காய். ரயிலில் உடன் வந்த ஒரு மௌலவி, திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாறிக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார். விழுப்புரத்தில் சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டினால், உன்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார் ஓட்டல்காரர். இரண்டரை அணா என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. கணக்கு அணா பிசகாமல் வருகிறது பாருங்கள்!

அங்கிருந்து நடை. அறையணிநல்லூர்க் கோயில், பிறகு கீழூர். அங்கே ஒரு பாகவதர் வீட்டில், இருபது ரூபாய் பெறும் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். வாங்கிய ரசீதைக் கிழித்துப் போட்டான். அந்தப் பணத்தில் ரயில் ஏறி, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினான். கோயிலுக்குப் போனான். அன்றைக்கே மீதிப் பணம் முழுவதும் அய்யங்குளத்துத் தண்ணீரில் விழுந்தது.

இதில் நான் காண்பது, கிடைக்காத ஒன்றைத் தேடி அலையும் பையனை அல்ல. அலைகிறவன் சேர்ந்ததும் கேள்வி கேட்பான், குரு தேடுவான், வரம் கேட்பான். இவன் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். குறையைத் தீர்த்துக்கொள்ளப் போவது வேறு, தகப்பன் வீட்டுக்குப் போவது வேறு.

ஞானம் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வந்தவர்களிடம், புதிதாகக் கிடைக்க ஒன்றுமில்லை, கிடைக்கவில்லை என்ற நினைப்பை விடுங்கள் என்று ரமணர் பல வருஷங்கள் அலுக்காமல் சொன்னார். அந்த நினைப்பு போகிற வரைக்கும் முயற்சி வேண்டும் என்பதையும் கூடவே சொன்னார். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். ‘உன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்’ என்று இப்போது விற்கும் புத்தகங்களில் இருப்பதும் அந்தப் பாதிதான். அவை ஏற்றுக்கொள்ளச் சொல்வது என் கோபத்தை, என் சோம்பலை. ரமணர் கேட்டது, இந்தக் கோபம் யாருக்கு என்று. முன்னதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பின்னது தூங்க விடாது.

ஆசிரமத்து அடுக்களையில் அவர் விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், துவையல் அரைத்தார். கீரைத் தண்டை எறிய விடமாட்டார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்குவார். எதுவும் குறையில்லை என்று சொன்னவரின் அன்றாடம் இதுதான்.

பூஞ்சா கட்டாயம் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டில் யாராவது, ‘நான் இப்படித்தான், ரமணரே சொல்லியிருக்கிறார்’ என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்தால், சண்டை போட வேண்டாம். ஒரு முறத்தையும் ஒரு படி அரிசியையும் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்லுங்கள்.