போக்கர் கப்பல் பயணம்: சீட்டாடாத துணையுடன் செல்வோருக்கான தெரிவு

போக்கர் கப்பல் பயணம் என்பது வழக்கமான சுற்றுலாச் சொகுசுக் கப்பலில், போக்கர் சீட்டாட்டத்திற்கென ஒரு குழுவாக முன்பதிவு செய்து மேற்கொள்ளும் பயணம் ஆகும். முழுக் கப்பலும் ஆட்டக்காரர்களுக்கானது அல்ல. ஏற்பாட்டாளர் ஒருவர் கப்பல் நிறுவனத்திடமிருந்து சில அறைகளை மொத்தமாகப் பெற்று விற்பார். கப்பலின் கூட்ட அரங்கோ காசினோவின் ஒரு மூலையோ போக்கர் அறையாகிவிடும். மற்ற பயணிகளில் பலருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. சீட்டைத் தொடாத கணவனோ மனைவியோ உடன் வர முடிவது இதனால்தான்.

கப்பலில் பெரும் போட்டிகளும் நடந்துள்ளன. 2002-இல் கப்பலில் நடந்த பார்ட்டிபோக்கர் மில்லியன் போட்டியில் கேத்தி லீபர்ட் 10 இலட்சம் டாலர் வென்றார். 2004 சனவரியில் முதல் போக்கர்ஸ்டார்ஸ் கரீபியன் அட்வெஞ்சர் ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பலில் நடந்தது; கஸ் ஹேன்சன் வென்றார். அடுத்த ஆண்டே அப்போட்டி பகாமாசில் உள்ள ஒரு விடுதிக்கு மாறிவிட்டது. இன்று தம்பதியர் செல்லும் பயணங்கள் பெரும்பாலும் சிறு பந்தயத் தொகையுடன் நடப்பவை.

துணையை அழைத்துச் செல்வதற்கு அன்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கப்பல் அறைகளின் விலை இருவர் தங்குவதை வைத்தே கணக்கிடப்படுகிறது. தனியாகச் செல்பவர் பல கப்பல்களில் ஏறக்குறைய இருவருக்கான கட்டணத்தையே செலுத்த நேரிடும். "எப்படியும் பணம் கட்டப்போகிறோம், நீயும் வா" என்ற அழைப்பு இப்படித்தான் பிறக்கிறது. அந்த அழைப்பை நம்பி வந்தவர் ஏழு இரவுகளில் ஐந்து இரவு தனியாகச் சாப்பிட்டால், மிச்சமான பணம் இலாபக் கணக்கில் சேராது.

'''கடல் நாட்களும் துறைமுக நாட்களும்'''

ஒரு பயணத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது கடல் நாட்களின் எண்ணிக்கை. பெரும்பாலான துறைமுகங்களில் கப்பல் நிற்கும் வரை காசினோவும் போக்கர் அறையும் மூடப்பட்டிருக்கும். கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவைக் கடந்த பிறகே ஆட்டம் தொடங்கும். ஆகவே துறைமுக நாள் பெரும்பாலும் துணைக்கும், கடல் நாள் சீட்டுக்கும் உரியதாக அமைகிறது.

புளோரிடாவிலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கரீபியன் பயணங்களில் பொதுவாக மூன்று அல்லது நான்கு துறைமுகங்கள் இருக்கும். மீதி கடலில் கழியும். இருவருக்கும் ஒத்துவரக்கூடிய அளவு இது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணங்களில் தொடர்ந்து ஐந்தாறு நாட்கள் கரையே தென்படாது. கட்டணம் குறைவாக இருப்பதால் ஆட்டக்காரருக்கு ஆசை எழும். புத்தகமும் கடலும் போதும் என்று இருப்பவர் அல்லாத துணைக்கு அது நீண்ட வாரம். மத்தியதரைக் கடல் பயணங்களோ இதற்கு நேர்மாறு. நாள்தோறும் ஓர் ஊர் வருவதால், மாலையில் இருவரும் களைத்துத் திரும்பிய பிறகு மேசையில் உட்காரத் தெம்பிருக்காது.

அலாசுக்கா தனி வகை. கப்பல்கள் பெரும்பகுதி அம்மாநிலக் கடற்பகுதிக்குள்ளேயே செல்கின்றன. அங்கு கப்பல் சூதாட்ட வருவாய் மீது 33 விழுக்காடு வரி விதிக்க 2006-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். எனவே ஆட்ட நேரம் பற்றி ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கிளேசியர் விரிகுடாவிற்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அப்படிக் கிடைத்த நாளில் பனிப்பாறை சரிவதைத் துணை மேல்தளத்தில் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டக்காரர் சன்னல் இல்லாத அறையில் சீட்டைப் புரட்டுவது வீண். அவாயித் தீவுகளுக்கிடையே ஓடும் பிரைட் ஆஃப் அமெரிக்கா கப்பலில் காசினோவே கிடையாது, அம்மாநிலத்தில் சூதாட்டம் தடை செய்யப்பட்டுள்ளதால்.

'''கப்பலும் அறையும்'''

போக்கர் மேசை எந்தக் கப்பலிலும் ஒன்றுதான். ஆகவே கப்பலைத் தெரிவு செய்யும் உரிமை ஆடாதவருக்கே உரியது. 2009-இல் வந்த ஒயாசிசு ஆஃப் த சீஸ் போன்ற பெருங்கப்பல்களில் நாடக அரங்குகள், பனிச்சறுக்குத் தளம், உயிருள்ள செடிகொடிகளுடன் ஒரு பூங்கா எல்லாம் உண்டு. கூட்டத்தை விரும்பாதவருக்குச் சிறிய கப்பலே நல்லது. கப்பல் எதுவாயினும், முடிந்தால் பால்கனி உள்ள அறையை எடுக்கலாம். அறையில் அதிக நேரம் இருக்கப்போவது ஆடாதவர். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து வருபவருக்கு சன்னல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இரவு உணவு இன்னொரு சிக்கல். மாலைப் போட்டி தொடங்கும் நேரமும் உணவுக்கூட நேரமும் மோதிக்கொள்ளும். போட்டி அட்டவணையை முன்கூட்டியே வாங்கி, அதற்கேற்ப முதல் பந்தியா இரண்டாம் பந்தியா என முடிவு செய்வது நல்லது. பல ஏற்பாட்டாளர்கள் குழுவினருக்குச் சேர்ந்த மேசைகளை ஒதுக்குகின்றனர். ஆடாத துணைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது அங்கேதான். ஆனால் அம்மேசையில் ஆட்டக்காரர்கள் தாம் தோற்ற கதைகளையே பேசினால் அதுவும் பயனற்றுப் போகும். புதியவர்களுக்கான போக்கர் வகுப்பும் சில பயணங்களில் உண்டு. துணை தானாக விரும்பினால் மட்டுமே அது நல்ல யோசனை.

'''பணம்'''

போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராக ஆடுகின்றனர். நடத்துபவர் பானையிலிருந்தோ நுழைவுக் கட்டணத்திலிருந்தோ ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். இப்பங்கு பயணத்துக்குப் பயணம் வேறுபடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது அறைக் கணக்கு. பல கப்பல்களில் அறை அட்டையைக் காட்டியே காசினோவில் பணம் பெறலாம். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கணவன், மனைவி இருவர் செலவும் ஒரே கணக்கில் சேர்வதால், தோற்ற தொகையைக் கடைசி நாள் வரும் பட்டியலில்தான் துணை முதன்முதலாகப் பார்க்கும் நிலை ஏற்படக்கூடும். ஆட்டத்திற்கான தொகையை வீட்டிலேயே இருவரும் பேசி முடிவு செய்து, ரொக்கமாகத் தனியே எடுத்துச் சென்று, அறைக் கணக்கில் காசினோ வசதியை முடக்கச் சொல்லலாமா எனக் கப்பல் ஏறிய அன்றே விருந்தினர் சேவை மேசையில் கேட்கலாம்.